சொந்த மெஷின்ல குபெர்நெட்டிஸ்: பாட் நெட்வொர்க்கிங்கை அடியில இருந்து செட் பண்றது எப்படி

குபெர்நெட்டிஸ்ங்கறது பல மெஷினை ஒரே கிளஸ்டரா சேர்த்து கன்டெய்னர்களை ஓட்டுற சாஃப்ட்வேர், அதுல ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட், கன்டெய்னர் ஓடுற சின்ன யூனிட் ஒரு பாட். கிளஸ்டரை ஆரம்பிச்சு வைக்கற டூலான கியூப்அட்மின்ல இனிட் ஓடி முடிஞ்சு, ரெண்டு வொர்க்கர் மெஷினையும் ஜாயின் பண்ணிட்டு கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ் அடிச்சு பார்த்தா மூணுமே நாட்ரெடின்னு நிக்கும், கிளஸ்டருக்குள்ள பேரை ஐபியா மாத்திக் குடுக்கற கோர்டிஎன்எஸ் பாட் ரெண்டும் பெண்டிங்ல கிடக்கும். நிறைய பேர் இந்த இடத்துல என்னவோ தப்பா போச்சுன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. தப்பு எதுவும் நடக்கல. குபெர்நெட்டிஸ் பாடுக்கு நெட்வொர்க் போட்டுத் தராது, அது எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லும், போடுறது நம்ம வேலை. கிளவுட் கம்பெனிகிட்ட ரெடிமேடா கிளஸ்டர் வாங்குனா அந்த வேலையை அவங்களே செஞ்சு வச்சிருப்பாங்க, சொந்த மெஷின்ல அது நம்ம தலைல.

இன்டர்நெட்ல கிடைக்கிற ஒரு யாமல் ஃபைலை அப்ளை பண்ணா பல நேரம் அப்படியே ஓடிடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் ஓடாம போகும், அன்னைக்கு ஒரு பேக்கெட் எந்த வழியா போகுதுன்னு தெரியாதவங்க ராத்திரி முழுக்க உக்காந்து ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருப்பாங்க. அதனால இந்த வழிகாட்டில ஒவ்வொரு படியிலயும் "பேக்கெட் இப்ப எங்க இருக்கு"ங்கிற கேள்வியை விடாம பிடிச்சுட்டு போறேன்.

ஒரு விஷயம், கமாண்ட் எல்லாத்தையும் போன்ல ஒருத்தருக்கு சொல்ற மாதிரி உச்சரிப்புலயே எழுதிருக்கேன், டெர்மினல்ல நீங்க ஆங்கில எழுத்துல அடிச்சுக்கங்க.

நான் எடுத்துக்கற செட்டப் இது: ஒரே ஸ்விட்ச்ல மூணு உபுண்டு சர்வர், 192.168.1.11 கண்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நடத்துற மெஷின்), .12-ம் .13-ம் வொர்க்கர் (பாட் ஓடுற மெஷின்). கன்டெய்னர் ரன்டைம் கன்டெய்னர்டி. நெட்வொர்க்குக்கு ஃபிளானல். ஏன் ஃபிளானல்னா இருக்கறதுலயே சிம்பிள், கண்ணால பார்த்து புரிஞ்சுக்க முடியும். இதே வேலையை செய்யற இன்னொரு பிளக்இன் காலிகோ, அது எப்ப வேணும்னு கடைசில வரேன்.

குபெர்நெட்டிஸ் நம்மகிட்ட கேக்கறது என்ன

ஒவ்வொரு பாடுக்கும் சொந்தமா ஒரு ஐபி இருக்கணும். எந்த நோட்ல இருக்கற பாடும் வேற எந்த நோட்ல இருக்கற பாடையும் நடுவுல நேட் (வழில அட்ரஸை மாத்துறது) இல்லாம நேரா தொடணும், அதாவது பி பாட் பார்க்கும்போது சோர்ஸ் அட்ரஸ்ல ஏ பாடோட ஐபியே தெரியணும். நோட்ல ஓடுற கியூப்லெட் (ஒவ்வொரு நோட்லயும் பாட்களை ஓட்டி கவனிக்கறது) மாதிரி புரோகிராம்கள் அந்த நோட்ல இருக்கற பாட்களை தொட முடியணும். அவ்வளவுதான். இதை நிறைவேத்துற பிளக்இன்னுக்குத்தான் சிஎன்ஐன்னு பேரு. கன்டெய்னர்டி ஒரு பாடை உருவாக்கும்போது ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டி ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக்கை படிச்சு, ஓபிடி/சிஎன்ஐ/பின்ல இருக்கற பைனரியை கூப்பிட்டு "இந்தா பாடோட நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், இதுக்கு ஒரு ஐபி குடு"ன்னு கேக்கும். அந்த ஃபோல்டர்ல ரெண்டு மூணு கான்ஃபிக் இருந்தா பேரு வரிசைல எது மொதல்ல வருதோ அதைத்தான் எடுக்கும். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி பெரிய தலைவலிக்கு இதான் காரணமா வரும்.

பழைய கைடுகள்ல கியூப்லெட்டுக்கு நெட்வொர்க் பிளக்இன் ஆப்ஷன் குடுக்க சொல்லிருப்பாங்க. 1.24 வெர்ஷன்ல, அதாவது 2022-ல, டாக்கர்ஷிம்மோட (கியூப்லெட் டாக்கரோட பேசறதுக்கு இருந்த பகுதி) சேர்த்து அதையும் தூக்கிட்டாங்க, இப்ப சிஎன்ஐ முழுக்க ரன்டைமோட பொறுப்பு. அப்படி எழுதிருக்கற கைடை பார்த்தா மூடிடுங்க.

படி 1: அட்ரஸ் பிளான், பேப்பர்ல

இதை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. பின்னாடி மாத்த ரொம்ப கஷ்டமான ஒரே விஷயம் இதான்.

மூணு ரேஞ்ச் எழுதணும். உங்க லேன், பாட் ரேஞ்ச், சர்வீஸ் ரேஞ்ச் (சர்வீஸ்ங்கறது சில பாட்களுக்கு முன்னாடி நிக்கற மாறாத ஐபி). மூணும் ஒண்ணோட ஒண்ணு உரசவே கூடாது. என்னோடது லேன் 192.168.1.0/24, பாட் 10.244.0.0/16, சர்வீஸ் 10.96.0.0/12. பாட் ரேஞ்ச் ஃபிளானலோட டீஃபால்ட், சர்வீஸ் ரேஞ்ச் கியூப்அட்மினோட டீஃபால்ட். /12ங்கறதை கவனிங்க, அது 10.96-ல ஆரம்பிச்சு 10.111.255.255 வரைக்கும் போகும். ஆபீஸ் விபிஎன் 10.100-ல இருந்தா அங்கயே மாட்டிக்குவீங்க. கே3எஸ் (குபெர்நெட்டிஸோட சின்ன வடிவம்) போடுறவங்களுக்கு டீஃபால்ட் வேற, பாடுக்கு 10.42.0.0/16, சர்வீஸுக்கு 10.43.0.0/16. நோட்ல டாக்கரும் இருந்தா அது 172.17.0.0/16-ஐ பிடிச்சு வச்சிருக்கும், அதையும் பேப்பர்ல எழுதுங்க.

பாடோட /16 ஒவ்வொரு நோடுக்கும் ஒரு /24-ஆ பிரியும். அதாவது 256 நோட் வரைக்கும் இடம் இருக்கு, ஒரு நோட்ல டீஃபால்ட்டா 110 பாட் தான் கியூப்லெட் அனுமதிக்கும், அதுக்கு /24 தாராளம்.

ரேஞ்ச் உரசுனா என்ன ஆகும்னு ஒரு நிஜ சம்பவம் சொல்றேன். ஒரு ஆபீஸ்ல காலிகோ போட்டிருந்தாங்க, சாம்பிள் ஃபைல்ல இருந்த 192.168.0.0/16-ஐ அப்படியே விட்டுட்டாங்க, ஆபீஸ் லேனும் 192.168.1 தான். எல்லாம் நல்லா ஓடுச்சு, பாட் பாடோட பேசுச்சு, இன்டர்நெட் வந்துச்சு, ஆனா பாட்ல இருந்து பேக்கப் எடுக்கற நாஸ் பாக்ஸை (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ்) மட்டும் தொடவே முடியல, அதே நோட்ல ஹோஸ்ட்ல இருந்து பார்த்தா நாஸ் பளிச்சுன்னு பதில் சொல்லுது. காரணம் இதுதான்: காலிகோ பாட் ரேஞ்சுக்கு வெளிய போற டிராஃபிக்கை மட்டும்தான் நோட் ஐபிக்கு மாத்தி அனுப்பும். நாஸோட ஐபி பாட் ரேஞ்சுக்குள்ளயே விழுந்ததால "இது உள் டிராஃபிக்"னு நெனச்சு பாட் ஐபியோடவே அனுப்பிடுச்சு. நாஸுக்கு பேக்கெட் போய் சேர்ந்துச்சு, அது பதில் அனுப்ப பார்த்துச்சு, ஆனா அந்த ஐபிக்கு எந்த வழின்னு அதுக்கு தெரியாது. ரெண்டு நாள் நாஸோட பெர்மிஷனை குடைஞ்சிட்டு இருந்தோம். பேப்பர்ல மூணு வரி எழுதிருந்தா அந்த ரெண்டு நாள் மிச்சம்.

படி 2: மூணு நோட்லயும் தரையை சமன் பண்றது

விஎம்மை குளோன் பண்ணி நோட் உருவாக்கியிருந்தா மொதல்ல ஹோஸ்ட்நேம், மேக் அட்ரஸ், புராடக்ட் யூயூஐடி, மெஷின் ஐடி எல்லாம் ஒவ்வொண்ணுலயும் வேற வேறயா இருக்கான்னு பாருங்க. ஒண்ணா இருந்தா பின்னாடி வர்ற பிரச்சினைகளுக்கு தர்க்கமே இருக்காது.

ஸ்வாப் ஆஃப் பண்ணுங்க. ஓவர்லே, பிஆர் நெட்ஃபில்டர்னு ரெண்டு கெர்னல் மாட்யூலையும் மாட்ப்ரோப் பண்ணி லோட் பண்ணுங்க, ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கணும்னா ஈடிசி/மாட்யூல்ஸ் லோட்.டி கீழ ஒரு ஃபைல்ல ரெண்டு பேரையும் எழுதுங்க. அப்புறம் ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி கீழ ஒரு ஃபைல்ல நெட்.ஐபிவி4.ஐபி ஃபார்வர்ட் 1, நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ் என்எஃப் கால் ஐபிடேபிள்ஸ் 1னு எழுதிட்டு சிஸ்சிடிஎல் சிஸ்டம் ஆப்ஷனோட ஓட்டுங்க.

ஐபி ஃபார்வர்ட் ஏன்னு எல்லாருக்கும் புரியும், நோட் இனிமே பாட்களுக்கு ரவுட்டர் மாதிரி, பேக்கெட்டை கை மாத்தி விடணும். ரெண்டாவது ஏன்னு பலருக்கு தெரியாது, அதை கொஞ்சம் நின்னு பார்ப்போம். ஒரே நோட்ல ஒரு பாடும் கோர்டிஎன்எஸ் பாடும் இருக்குன்னு வைங்க. பாட் 10.96.0.10ங்கற சர்வீஸ் ஐபிக்கு கேள்வி அனுப்புது, நோட்ல பேக்கெட்டை மாத்துற லினக்ஸ் ரூல்களான ஐபிடேபிள்ஸ் அதை 10.244.1.7ங்கற நிஜ பாட் ஐபிக்கு மாத்தி விடுது. பதில் வரும்போது ரெண்டு பாடும் ஒரே பிரிட்ஜ்ல (நோட்டுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) இருக்கறதால பேக்கெட் பிரிட்ஜ் வழியா குறுக்கால நேரா போயிடும், ஐபிடேபிள்ஸ் கண்ணுல படவே படாது, மாத்துன ஐபியை திருப்பி மாத்த ஆள் இல்ல. கேட்ட பாட் பார்த்தா 10.96-கிட்ட கேட்டேன், 10.244.1.7 ஏன் பதில் சொல்லுதுன்னு தூக்கி போட்டுடும். டிக் கமாண்ட் ஓட்டினா "ரிப்ளை ஃப்ரம் அன்எக்ஸ்பெக்டெட் சோர்ஸ்"னு அப்படியே எழுதி காட்டும். அந்த சிஸ்சிடிஎல் வரி பிரிட்ஜ் வழியா போறதையும் ஐபிடேபிள்ஸ்கிட்ட காட்டிட்டு போன்னு சொல்லுது. அடையாளம் என்னன்னா, சர்வீஸ் பாட் வேற நோட்ல இருந்தா வேலை செய்யும், அதே நோட்ல இருந்தா செய்யாது. இப்படி தலைகீழா ஒரு பிரச்சினை வந்தா மொதல்ல இதைத்தான் பாருங்க.

கன்டெய்னர்டில ரெண்டு விஷயம். கான்ஃபிக் ஃபைல்ல டிசேபிள்ட் பிளக்இன்ஸ்ங்கற வரில சிஆர்ஐ இருந்தா எடுத்துடுங்க, சில பேக்கேஜ்ல அப்படித்தான் வரும், கியூப்லெட் கன்டெய்னர்டியோட பேசவே முடியாது. சிஸ்டம்டி சிகுரூப்பை ட்ரூ பண்ணுங்க.

ஃபயர்வால் போட்டிருந்தா நோட்களுக்கு நடுவுல இதெல்லாம் திறந்திருக்கணும்: கண்ட்ரோல் பிளேன்ல டிசிபி 6443, எல்லா நோட்லயும் டிசிபி 10250, நோட்போர்ட் சர்வீஸ் (நோட் ஐபி வழியா வெளில இருந்து தொடறது) வேணும்னா 30000-ல இருந்து 32767 வரை, அப்புறம் பாட் நெட்வொர்க்குக்காக யுடிபி 8472. கடைசிதான் எல்லாரும் மறக்கறது, மத்ததெல்லாம் டிசிபி, இது மட்டும் யுடிபி, டிசிபி 8472-ஐ திறந்து வச்சுட்டு திறந்துட்டேன்னு சத்தியம் பண்றவங்களை பார்த்திருக்கேன். இந்த 8472-ஐ நோட் ஐபிகளுக்கு மட்டும் திறங்க, வெளி உலகத்துக்கு திறக்காதீங்க, அது வழியா போற விஎக்ஸ்லேன்ல (பாட் பேக்கெட்டை யுடிபி கவருக்குள்ள போட்டு நோட்டுக்கு நோட் அனுப்புற முறை) பாஸ்வேர்டோ என்கிரிப்ஷனோ எதுவும் கிடையாது, யாரு அனுப்புனாலும் உள்ள எடுத்துக்கும்.

படி 3: இனிட்

கண்ட்ரோல் பிளேன்ல கியூப்அட்மின் இனிட், கூடவே பாட் நெட்வொர்க் சிடர் ஆப்ஷனுக்கு 10.244.0.0/16, ஏபிஐசர்வர் அட்வர்டைஸ் அட்ரஸ் ஆப்ஷனுக்கு 192.168.1.11. சிடர் குடுக்க மறந்தா நோட்களுக்கு /24 பிரிச்சு குடுக்க மாட்டாங்க, ஃபிளானல் பாட் கிராஷ் ஆகும், லாக்ல "பாட் சிடர் நாட் அசைன்ட்"னு தெளிவாவே எழுதியிருக்கும். முடிஞ்சதும் அட்மின் கான்ஃபிக்கை ஹோம் ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டு, ஜாயின் கமாண்டை மத்த ரெண்டுலயும் ஓட்டுங்க.

இப்ப கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் நோட் பண்ணா "சிஎன்ஐ பிளக்இன் நாட் இனிஷியலைஸ்ட்"னு வரும். எதிர்பார்த்தது தான், மேல போங்க.

படி 4: ஃபிளானல், எந்த கார்டு வழியா

ஃபிளானல் புராஜெக்டோட ரிலீஸ் பக்கத்துல இருந்து கியூப் ஃபிளானல் யாமலை டவுன்லோட் பண்ணுங்க. நேரா யூஆர்எல்ல இருந்து அப்ளை பண்ணாதீங்க, ஃபைலை கைல வச்சு திறந்து படிச்சுட்டு, கிட்ல போட்டு வச்சுட்டு, அப்புறம் அப்ளை பண்ணுங்க. மூணு இடம் பாருங்க.

கான்ஃபிக்மேப்ல நெட்வொர்க்னு 10.244.0.0/16 இருக்கும், இனிட்ல குடுத்ததும் இதுவும் ஒண்ணா இருக்கணும், நீங்க வேற ரேஞ்ச் எடுத்திருந்தா இங்கயும் மாத்தணும்.

பேக்எண்ட் டைப் விஎக்ஸ்லேன்னு இருக்கும். மூணு மெஷினும் ஒரே ஸ்விட்ச்ல, நடுவுல ரவுட்டர் இல்லாம இருந்தா இதை ஹோஸ்ட் ஹைபன் ஜிடபிள்யூன்னு மாத்தலாம். அப்ப கவருக்குள்ள கவர் போடுற வேலையே இல்ல, ஒவ்வொரு நோட்லயும் "10.244.2.0/24 வேணும்னா 192.168.1.13-கிட்ட போ"ன்னு சாதாரண ரூட் தான், வேகமும் அதிகம். ஆனா நாளைக்கு வேற நெட்வொர்க்ல ஒரு நோட் சேர்க்கற எண்ணம் இருந்தா விஎக்ஸ்லேன்லயே இருங்க, ஓடிட்டு இருக்கும்போது பேக்எண்டை மாத்துறது நல்லதில்ல. நான் விஎக்ஸ்லேனை வச்சே மேல சொல்றேன், எங்க வேணா ஓடும்.

மூணாவது, நோட்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு இருந்தா இது உயிர் போற விஷயம். ஃபிளானல் தானா டீஃபால்ட் ரூட் இருக்கற கார்டை எடுத்துக்கும். விர்ச்சுவல்பாக்ஸ்ல வேக்ரன்ட் வச்சு பழகறவங்களுக்கு மொத கார்டு நேட், எல்லா விஎம்லயும் அதுக்கு ஒரே ஐபி தான், 10.0.2.15. மூணு நோடும் "என் வீட்டு அட்ரஸ் 10.0.2.15"னு சொல்லிட்டு நின்னா ஒருத்தர் இன்னொருத்தருக்கு எப்படி தபால் போடுவாங்க. டீமன்செட்ல (நோடுக்கு ஒரு பாட் போடுற செட்டிங்) ஃபிளானல்டிக்கு குடுக்கற ஆர்கியுமெண்ட்ல ஐஃபேஸ் ஆப்ஷன் சேர்த்து சரியான கார்டு பேரை குடுங்க, கூடவே கியூப்லெட்டுக்கும் நோட் ஐபி ஆப்ஷன்ல 192.168.1 ஐபியை குடுத்துடுங்க, ஒண்ணு மட்டும் மாத்துனா பாதி வேலை தான் ஆகும்.

அப்ளை பண்ணிட்டு கியூப் ஃபிளானல் நேம்ஸ்பேஸ்ல நோடுக்கு ஒண்ணா மூணு பாட் ரன்னிங் ஆகறதை பாருங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள நோட்கள் ரெடி ஆகும், கோர்டிஎன்எஸ் எழுந்து வரும். ஃபிளானல் பாட் கிராஷ்லூப்ல விழுந்து லாக்ல பிஆர் நெட்ஃபில்டர் பத்தி பேசுனா படி 2-ல மாட்யூல் லோட் ஆகல, அல்லது ரீபூட்ல போயிடுச்சு.

படி 5: ஒரு பேக்கெட் கூடவே நடந்து பாருங்க

.12 நோட்ல 10.244.1.5னு ஒரு பாட், .13 நோட்ல 10.244.2.8னு ஒரு பாட். முதல் பாட் ரெண்டாவதை பிங் பண்ணுது.

பாடுக்குள்ள ஈத்0னு ஒரு கார்டு. அது நிஜ கார்டு இல்ல, வீத்ங்கற ஜோடி கயிறோட ஒரு முனை, இன்னொரு முனை நோட்ல தொங்குது. நோட்ல ஐபி லிங்க் அடிச்சா வீத்னு ஆரம்பிக்கற நீளமான பேர்கள் வரிசையா வரும், பாடுக்கு ஒண்ணு. அந்த முனை எல்லாம் சிஎன்ஐ0ங்கற பிரிட்ஜ்ல சொருகியிருக்கும், அதோட ஐபி 10.244.1.1, பாடுக்கு அதுதான் கேட்வே. பேக்கெட் அங்க வந்ததும் நோட் தன்னோட ரூட்டிங் டேபிளை பார்க்கும். ஐபி ரூட் அடிங்க, 10.244.2.0/24-க்கு ஃபிளானல்.1 வழியா போன்னு ஒரு வரி இருக்கும்.

ஃபிளானல்.1 தான் விஎக்ஸ்லேன் கார்டு. இங்கதான் அழகு. 10.244.2.0-க்கு எந்த மேக் அட்ரஸ்னு ஐபி நெய்பர் டேபிள்ல ஃபிளானல் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கும், அந்த மேக் எந்த நோட்ல இருக்குன்னு பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ டெவ் ஃபிளானல்.1னு அடிச்சா டிஎஸ்டி 192.168.1.13னு காட்டும். இந்த மூணு டேபிளும் சேர்ந்ததுதான் ஃபிளானலோட மொத்த மூளை, வேற ரகசியம் எதுவும் இல்ல. கெர்னல் முழு பேக்கெட்டையும் ஒரு யுடிபி கவருக்குள்ள போட்டு, மேல 192.168.1.13 போர்ட் 8472னு எழுதி அனுப்பிடும். அந்த பக்கம் கவரை பிரிச்சு, அங்க இருக்கற சிஎன்ஐ0-ல விட்டு, வீத் வழியா பாடுக்கு போயிடும்.

இந்த மூணு கமாண்டையும், எல்லாம் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை ஓட்டி அவுட்புட்டை ஃபைல்ல சேவ் பண்ணி வைங்க. உடம்பு நல்லா இருக்கும்போது எடுத்த ஈசிஜி மாதிரி, கெட்டுப் போன நாள்ல பக்கத்துல வச்சு பார்க்க அதை விட உதவி வேற கிடையாது.

படி 6: வரிசையா டெஸ்ட்

நெட்வொர்க் டெஸ்ட் டூல் எல்லாம் இருக்கற நெட்ஷூட்ங்கற இமேஜை ஸ்லீப் இன்ஃபினிட்டியோட ஒரு டீமன்செட்டா போடுங்க, கண்ட்ரோல் பிளேன்லயும் வரணும்னா டாலரேஷன் (அந்த நோட்லயும் ஓடலாம்ங்கற அனுமதி) சேர்க்கணும். நோடுக்கு ஒரு பாட் கிடைக்கும். அப்புறம் கியூப்சிடிஎல் எக்ஸிக் வச்சு உள்ள போய் இந்த வரிசைல போங்க, வரிசையை மாத்தாதீங்க: மொதல்ல சொந்த நோடோட சிஎன்ஐ0 ஐபிக்கு பிங், அப்புறம் வேற நோட்ல இருக்கற பாட் ஐபிக்கு பிங், அப்புறம் டிக் கமாண்ட்ல 10.96.0.10-ஐ கேட்டு குபெர்நெட்டிஸ்.டீஃபால்ட்.எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்ங்கற முழு சர்வீஸ் பேரை எடுக்கறது, அப்புறம் கர்ல் வச்சு வெளில ஒரு ஹெச்டிடிபிஎஸ் சைட். சர்வீஸ் ஐபியை பிங் பண்ணி பார்த்து பயப்படாதீங்க, ஐபிடேபிள்ஸ் மோட்ல அந்த ஐபி எந்த கார்டுலயும் இல்ல, வெறும் ரூல் தான், பிங்குக்கு பதில் வரலன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

மொதல் டெஸ்ட் ஃபெயில்னா சிஎன்ஐ கான்ஃபிக். ரெண்டாவது மட்டும் ஃபெயில்னா நோடுக்கு நடுவுல, அதாவது 8472 அல்லது தப்பான கார்டு. ரெண்டும் ஓகே, மூணாவது மட்டும் ஃபெயில்னா கியூப் ப்ராக்ஸி (சர்வீஸ் ஐபிக்கான ஐபிடேபிள்ஸ் ரூலை எழுதறது) அல்லது கோர்டிஎன்எஸ். கோர்டிஎன்எஸ் தானே கிராஷ் ஆகி லாக்ல லூப்னு சொன்னா, நோடோட ரிசால்வ்.கான்ஃப்ல 127.0.0.53 இருக்கு, அது தன்கிட்டயே கேள்வி கேட்டு சுத்துது, கியூப்லெட் கான்ஃபிக்ல ரிசால்வ்கான்ஃபை ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ் கீழ இருக்கற ஃபைலுக்கு திருப்பி விடுங்க.

பேக்கெட் எங்க செத்துச்சு

ரெண்டாவது டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னு வைங்க. பிங்கை ஓட விட்டுட்டு ரெண்டு நோட்லயும் ரெண்டு டெர்மினல் திறங்க. .12-ல டிசிபிடம்ப், இன்டர்ஃபேஸ் ஃபிளானல்.1, ஃபில்டர் ஐசிஎம்பி. கேள்வி போறது தெரிஞ்சா பாட், வீத், பிரிட்ஜ், ரூட் எல்லாம் சரி. அடுத்து அதே நோட்ல நிஜ கார்டுல ஃபில்டர் யுடிபி போர்ட் 8472. 192.168.1.12-ல இருந்து 192.168.1.13-க்கு போகுதுன்னு தெரியணும், உள்ள 10.244.1.5-ல இருந்து 10.244.2.8னு டிசிபிடம்ப்பே பிரிச்சு காட்டும். மேல இருக்கற அட்ரஸ்ல 10.0.2.15 தெரிஞ்சா கார்டு தப்பு, படி 4-க்கு திரும்பி போங்க. இப்ப .13-ல அதே ஃபில்டர். அங்க எதுவுமே வரலன்னா நடுவுல ஸ்விட்சோ, கிளவுட்ல இருந்தா அவங்க செக்யூரிட்டி ரூலோ தின்னுடுச்சு. நிஜ கார்டுல வருது, ஃபிளானல்.1-ல வரலன்னா .13-ஓட சொந்த ஃபயர்வால் தடுக்குது, ஏன்னா டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாடியே பார்த்துடும். நாலு இடம், நாலு பார்வை, பத்து நிமிஷத்துல எந்த அடியில செத்துச்சுன்னு தெரிஞ்சிடும். ரீஸ்டார்ட் பண்ணி பண்ணி பார்க்கறதுல இது கிடைக்கவே கிடைக்காது.

பிங் போகுது ஆனா நோடுக்கு நடுவுல டிசிபி மட்டும் தவிக்குதுன்னா, சில கெர்னல், சில விர்ச்சுவல் கார்டு காம்பினேஷன்ல செக்சம் ஆஃப்லோட் கோளாறு இருக்கு. ஈத்டூல் வச்சு ஃபிளானல்.1-ல டிஎக்ஸ் செக்சம் ஐபி ஜெனரிக்கை ஆஃப் பண்ணி பாருங்க.

எம்டியூ

இதுக்கு தனி இடம் குடுக்கறேன், ஏன்னா இதுல மாட்டுனா பிரச்சினை நெட்வொர்க்ல இருக்குன்னே தோணாது.

எம்டியூன்னா ஒரு பேக்கெட்டோட அதிகபட்ச சைஸ். சாதாரண ஈதர்நெட்ல அது 1500 பைட். விஎக்ஸ்லேன் கவருக்கு 50 பைட் வேணும்: வெளி ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் ஹெடர் 8, உள்ள இருக்கற ஈதர்நெட் ஹெடர் 14. அதனால ஃபிளானல் தன் கார்டுக்கு 1450 வச்சுக்கும், ரன்/ஃபிளானல்/சப்நெட்.என்வி ஃபைல்ல ஃபிளானல் எம்டியூன்னு எழுதியிருக்கும், போய் பாருங்க. நோட்கள் ஒயர்கார்டு டன்னல் வழியா பேசுனா அந்த கார்டு பொதுவா 1420, அதுல 50 போக 1370.

இது வரைக்கும் ஃபிளானலே கணக்கு போட்டுக்கும். பிரச்சினை எப்பன்னா, கார்டு 1500னு சொல்லும், ஆனா வழில எங்கயோ நிஜமா 1450 தான் போகும். விஎம் வாடகைக்கு விடுற சில இடங்கள்ல பிரைவேட் நெட்வொர்க் இப்படித்தான் இருக்கும். அப்ப பிங் போகும், டிஎன்எஸ் வரும், சின்ன ஹெச்டிடிபி பதில் வரும், ஆனா ஹெச்டிடிபிஎஸ் கனெக்ஷன் ஹேண்ட்ஷேக்ல போய் தொங்கும், ஏன்னா சர்வர் தன் சர்டிஃபிகேட்டை அனுப்புற பேக்கெட் தான் மொதல் பெரிய பேக்கெட். டேட்டாபேஸ்ல லாகின் ஆகும், பத்து ரோ வரும், ஆயிரம் ரோ கேட்டா தொங்கும். டெவலப்பர் நெட்வொர்க்கை குறை சொல்வாரு, நெட்வொர்க் பார்க்கறவரு பிங் போகுதேன்னு காட்டுவாரு, ரெண்டு பேரு சொல்றதும் உண்மை தான்.

டெஸ்ட் இதுதான்: நெட்ஷூட் பாட்ல இருந்து வேற நோட் பாடுக்கு பிங், ஹைபன் எம் டூ (பெரிய எம், அப்புறம் டி ஓன்னு ரெண்டு எழுத்து, எண் இல்ல)ங்கற ஆப்ஷனோட, அதாவது துண்டு போடாதேன்னு சொல்லி, சைஸ் 1422. ஐபிக்கும் ஐசிஎம்பிக்கும் 28 பைட், சேர்ந்தா 1450. இது போகலன்னா 1372 குடுங்க. அது போகுதுன்னா வழி சின்னது, கையும் களவுமா பிடிச்சாச்சு. நோடோட நிஜ கார்டு எம்டியூவை நெட்பிளான்ல 1450-ஆ குறைங்க, ஃபிளானல் 1400-க்கு இறங்கும். ஏற்கனவே ஓடுற பாட்கள் பழைய எம்டியூவையே வச்சிருக்கும், அதனால நோடை ஒவ்வொண்ணா டிரெயின் பண்ணி (பாட்களை அங்க இருந்து கிளப்பிட்டு) ரீபூட் பண்றதுதான் சுத்தமான வழி.

நெட்வொர்க் பாலிசி வேணும்னா

நெட்வொர்க் பாலிசிங்கறது எந்த பாட் எதோட பேசலாம்னு சொல்ற ரூல். சாதாரணமா போட்ட ஃபிளானல் அதை அமல்படுத்தாது. ஆனா நீங்க ஒரு பாலிசி யாமல் அப்ளை பண்ணா கிரியேட்டட்னு பதில் வரும், எரர் வராது, கெட் பண்ணா லிஸ்ட்ல அழகா இருக்கும், டிராஃபிக் மட்டும் தாராளமா போயிட்டே இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம், டேட்டாபேஸை பூட்டி வச்சிருக்கோம்னு நம்பி இருப்பாங்க, பூட்டே இருக்காது. பாலிசி போட்டதும் தடுக்க வேண்டிய பாட்ல இருந்து நிஜமா கனெக்ட் பண்ணி பார்த்து, தடுக்குதான்னு கண்ணால பாருங்க.

பல டீம் ஒரே கிளஸ்டரை பகிர்ந்துக்கறாங்கன்னா மொதல்லயே காலிகோவோ சிலியமோ போடுங்க. காலிகோல நோட்கள் பிஜிபிங்கற ரூட்டிங் புரோட்டோகாலை வச்சு ரூட்டை பரிமாறிக்கும், அதுக்கு டிசிபி 179 திறக்கணும், விஎக்ஸ்லேன் மோட்ல யுடிபி 4789. ஆபரேட்டர் வழியா போட்டா கஸ்டம் ரிசோர்சஸ் ஃபைல்ல அந்த 192.168.0.0/16 தான் இருக்கும், உங்க பாட் ரேஞ்சுக்கு மாத்திட்டு அப்ளை பண்ணுங்க. நோட்ல நெட்வொர்க் மேனேஜர் ஓடுனா காலின்னு ஆரம்பிக்கற கார்டுகளை தொடாதேன்னு அதுக்கு சொல்லி வைங்க. சிலியம் ஈபிபிஎஃப்ல (கெர்னலுக்குள்ளயே சின்ன புரோகிராம் ஓட்டுற வசதி) ஓடுது, கியூப் ப்ராக்ஸியையே தூக்கிடலாம், 2023-ல குபெர்நெட்டிஸ் புராஜெக்டும் இருக்கற சிஎன்சிஎஃப் அமைப்புல கிராஜுவேட் ஆச்சு, சக்தி வாய்ந்தது தான், ஆனா மேல சொன்ன ஐபி ரூட், எஃப்டிபி வித்தை அங்க அப்படியே செல்லாது, அதோட சொந்த டூலை கத்துக்கணும். வீவ் நெட்ங்கற பிளக்இன்னை வச்சு எழுதிருக்கற பழைய கைடு எதையும் பின்பற்றாதீங்க, அதை செஞ்ச கம்பெனி 2024-ல மூடிட்டாங்க.

எந்த பிளக்இன்னா இருந்தாலும், ஈகிரஸ் (பாட்ல இருந்து வெளிய போற டிராஃபிக்) எல்லாத்தையும் மூடுற பாலிசி போட்டா அந்த நிமிஷமே டிஎன்எஸ் சாகும். கியூப் சிஸ்டம் நேம்ஸ்பேஸுக்கு 53-ஐ யுடிபி, டிசிபி ரெண்டுலயும் திறந்து ஒரு ரூல் கூடவே போடுங்க.

அழிச்சிட்டு மறுபடி போடும்போது

கியூப்அட்மின் ரீசெட் சிஎன்ஐ கான்ஃபிக்கையும் ஐபிடேபிள்ஸ் ரூலையும் துடைக்காது, அதை அதுவே சொல்லும், யாரும் படிக்கறதில்ல. ஃபிளானல்ல இருந்து காலிகோக்கு மாறும்போது ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டில 10-ஃபிளானல், 10-காலிகோ ரெண்டும் இருக்கும், பேரு வரிசைல எது முன்னாடியோ அது ஜெயிக்கும்னு மேல சொன்னேன்ல, இங்க காலிகோ முன்னாடி வந்து தப்பிச்சுக்குவீங்க. காலிகோல இருந்து ஃபிளானலுக்கு திரும்பினா ஃபிளானல் பாட் எல்லாம் ரன்னிங்ல பச்சையா இருக்கும், ஆனா புது பாட் எல்லாம் இல்லாத காலிகோவை தேடி கன்டெய்னர் கிரியேட்டிங்லயே நிக்கும். இன்னொண்ணு, ரீசெட் பண்ணி ஜாயின் பண்ணும்போது நோடுக்கு வேற /24 வந்துச்சுன்னா "சிஎன்ஐ0 ஆல்ரெடி ஹேஸ் அன் ஐபி அட்ரஸ் டிஃபரென்ட் ஃப்ரம்"னு ஆரம்பிக்கற எரர் டிஸ்கிரைப்ல வரும்.

அதனால ரீசெட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு நோட்லயும் அந்த ஃபோல்டர்ல இருக்கற ஃபைலை அழிங்க, ஐபி லிங்க் டிலீட் சிஎன்ஐ0, ஐபி லிங்க் டிலீட் ஃபிளானல்.1 ஓட்டுங்க, முடிஞ்சா ஒரு ரீபூட், ஐபிடேபிள்ஸ் மிச்சமும் அதோட போயிடும், ஆனா ரூலை சேவ் பண்ணி வைக்கற பேக்கேஜ் ஏதாவது நோட்ல இருந்தா ரீபூட்டுக்கு அப்புறம் ஐபிடேபிள்ஸ் சேவ் அடிச்சு கியூப்னு ஆரம்பிக்கற செயின் எதுவும் ஒட்டிட்டு இல்லன்னு பார்த்துட்டு அப்புறம் ஜாயின் பண்ணுங்க.